கஞ்சி போட்ட காலை

நேற்றிரவு முகாமில்
இஸ்திரிப் பெட்டி கடைசியாகக் கிடைத்தது எனக்கு.
மணி பதினொன்றரை.
கால்சட்டை மடிப்பு காகிதத்தை வெட்டும் என்று தெரிந்தால்தான்
சார்ஜன் ஹம்டான் படுக்கப் போவார்.
கஞ்சியில் முக்கி, பிழிந்து, நீவி, அழுத்தி
முடிக்கையில் பெருவிரலில் ஒரு கொப்புளம்.
ஏழு வருட ராணுவத்தில்
நான் வாங்கிய காயம் அதுதான்.

தஞ்சோங் கெலாடி.
இரண்டு வரிசைக் கடை, ஓர் எண்ணெய் நிலையம்,
செம்பனை ஆலையின் புளித்த மூச்சு.
ஆலைக்குப் பின்னால்
ஊரில் வேறெங்கும் இல்லாத பச்சையில்
இருநூற்றுப் பதினேழு வெள்ளைக் கற்கள்.
வருடத்தில் ஒருநாள்
இங்கே கூடாரம் போடுவார்கள்,
நாற்காலிக்கு உறை மாட்டுவார்கள்,
நினைவுத் தூணின் நான்கு மூலைக்கு
எங்கள் நால்வரை நடுவார்கள்.

அஸ்ருல், சின் வெய்,
சரவாக் ஆற்றங்கரையிலிருந்து வந்த ங்காலி,
நான்.
தூணுக்கு முதுகு காட்டி,
துப்பாக்கியின் வாயைப் பூட்ஸ் நுனியில் ஊன்றி,
கட்டைமேல் கைகளை மடித்து வைத்து,
தலை குனி.
அப்புறம் நாங்கள் இல்லை.

மயக்கம் வராமலிருக்க
பூட்ஸுக்குள் கால்விரலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.
அது மட்டும்தான் யாருக்கும் தெரியாத அசைவு.
தொப்பி விளிம்புக்குக் கீழே
எனக்கென்று மிஞ்சிய உலகம்
ஆறடிப் புல், ஒரு கல்.

கல்லில் ஓர் எண்.
ஒரு படைப்பிரிவின் சின்னம்.
பேச்சியப்பன் என்றிருக்க வேண்டும்,
ஆங்கிலத்தில் கொத்தியவன் ஓர் எழுத்தை விழுங்கியதில்
பேசியப்பன்.
அதன் கீழே, மற்றவர்களுக்குக்
கேப்டன், சிப்பாய் என்று இருக்கும் இடத்தில்
சலவையாள்.
டிசம்பர், நாற்பத்தொன்று.
வயது போடவில்லை.

ஒத்திகையன்று
புல்வெட்டும் கஸ்தூரி சொன்னாள்,
"அந்த மூலைக் கல்லுலதாண்ணே பாசி சீக்கிரம் ஏறுது.
மாசத்துக்கு ரெண்டு தடவ தேய்க்கிறேன்."
இன்று அவள் கழிப்பறைச் சுவரோரம்
இயந்திரத்தை அணைத்துவிட்டு நிற்பாள்.
நான் பார்க்க முடியாது.
பெட்ரோல் வாடை மட்டும் வந்தது.

ஊதுகுழல்காரனுக்குக் காய்ச்சலாம்.
ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல்
'இணைக்கப்பட்டது' என்றது முதலில்,
அப்புறம் சோக கீதம்.
யாரும் சிரிக்கவில்லை.
ங்காலியின் மூச்சு மட்டும் மூக்கில் இடறியது.

இரண்டு நிமிட மௌனம்.
பழக்குலை ஏற்றிய லாரிக்கு அது எப்படித் தெரியும்?
ஒரு சிவப்பெறும்பு
என் பூட்ஸைக் கடந்து
கஞ்சி போட்ட மடிப்பைப் பிடித்து நேராக ஏறியது,
வரப்பில் நடப்பதுபோல.
முட்டிக்குமேல் எங்கோ கடித்தது.
நான் கல்லையே பார்த்தேன்.

குண்டு விழுந்த அன்று
துவைத்தது எத்தனை சட்டை?
கொடியில் பாதி காய்ந்திருக்குமா?
சட்டைக்காரர்கள் தெற்கே ஓடிய பிறகு
அதையெல்லாம் யார் எடுத்தார்கள்,
எடுத்தார்களா,
காலருக்குள் மையால் எழுதிய எண்கள்
எத்தனை மழைக்குத் தாங்கின?

மலர் வளையங்கள் தூணுக்கு வந்தன.
பளபளத்த பூட்ஸ்கள் ஆறேழு ஜோடி
அவன் கல்லைக் கடந்து போயின.
அதில் ஒரு ஜோடி நின்றது.
நாடா கட்டிக்கொண்டு நகர்ந்தது.

பஸ்ஸில் என் மடிப்பு போயிருந்தது.
வியர்வையில் கஞ்சி இளகி
துடையோடு ஒட்டியது துணி.
"பாகூஸ்" என்றார் சார்ஜன், எல்லோருக்கும் பொதுவாக.
அஸ்ருல் அதற்குள் தூங்கிவிட்டான்.

முகாமில் இயந்திரத்துக்கு வரிசை நீளம்.
கையால் துவைத்தேன்.
எறும்பு ஒன்று நீரில் மிதந்தது,
அதே எறும்பா தெரியாது.
கொடியில் இடமில்லை,
மற்றவர்கள் சட்டைகளை ஒதுக்கி மாட்டினேன்.

நாலரைக்கு மலைப்பக்கம் இருட்டியது.
முதல் தூறல் தகரத்தில் விழுந்ததும் ஓடினேன்.
எது யாருடையது என்று பார்க்கவில்லை.
இரண்டு கையும் கொள்ளாமல்
ஈரமும் காய்ந்ததுமாக
கொடி முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.